அபயதானமும் ஸ்கேன் அறையும்

அச்சத்தை வெல்வது அஞ்சுகிறவரின் தனிக் கடமையா, அல்லது அவருக்கு அருகில் இருப்பவர்கள் அவருக்கு அளிக்க வேண்டிய கொடையா என்ற கேள்விக்கு இந்தியச் சமய மரபுகள் இரு வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. அச்சமின்மையை ஞானத்தின் பயனாகவும் வீரத்தின் அடையாளமாகவும் காணும் நூல்கள் ஒருபுறம் இருக்க, அதனைச் சோற்றையும் மருந்தையும் போல ஒருவர் மற்றொருவருக்கு வழங்கக்கூடிய தானமாக வகுத்த நூல்கள் மறுபுறம் உள்ளன. இன்றைய மருத்துவமனையில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடங்களுள் ஒன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை. அடைபட்ட இடங்களுக்கு அஞ்சும் ஒருவர், தம் நோய் இன்னதென்று அறிவதற்காகவே அத்தகைய ஓர் இடத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டிய நிலை அங்கே ஏற்படுகிறது. அவ்வச்சத்தைத் தணிக்க மருத்துவத் துறை கண்டறிந்துள்ள வழிகள் வெறும் உத்திகள் அல்ல, அபயதானம் என்ற பழைய அறத்தின் புதிய வடிவங்கள் என்பதும், அவ்வாறு உணர்ந்து கையாளும்போதே அவை முழுப் பயன் தருகின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் அக்கருவி நோயாளியிடம் எதைக் கேட்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படமெடுப்பு எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் கருக்களை வலிமையான காந்தப் புலத்தில் ஒழுங்குபடுத்தி, வானொலி அலைகளால் அவற்றைக் கலைத்து, அவை மீளும்போது வெளிப்படும் சைகைகளிலிருந்து உள்ளுறுப்புகளின் படத்தை அமைக்கிறது. பால் லாட்டர்பர் 1973ஆம் ஆண்டில் இம்முறையில் படம் அமைக்கலாம் என்று காட்டினார். அவருக்கும் அதன் கணித அடிப்படையை வளர்த்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா கருவியின் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அத்தகைய புலத்தைச் சீராக நிலைநிறுத்துவதற்காகவே காந்தம் உருளை வடிவில் நோயாளியைச் சூழ்ந்து அமைகிறது. அவ்வுருளையின் உள்விட்டம் பொதுவாக 60 சென்டிமீட்டர், அகன்ற வகைகளில் 70 சென்டிமீட்டர். மூளையைப் படமெடுக்கும்போது முகத்துக்கு மேலே கூண்டு போன்ற தலைச்சுருள் ஒன்றும் பொருத்தப்படுகிறது. படத்தின் இடங்களைப் பிரித்தறிய உதவும் துணைச் சுருள்களில் மின்னோட்டம் விரைந்து மாறும்போது அவை காந்தப் புலத்தால் அதிர்வதால், நூறு டெசிபலையும் கடக்கக்கூடிய தட்டலும் இரைச்சலும் எழுகின்றன. 1977இல் மனித உடலை முதன்முதலாக இம்முறையில் படமெடுக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. இன்று பெரும்பாலான சோதனைகள் கால் மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையில் முடிந்துவிடுகின்றன என்றாலும், அசைந்தால் படம் கலங்கிவிடும் என்பதால் அவ்வளவு நேரமும் அசையாதிருத்தல் கட்டாயமாகிறது. குறுகிய இடம், பேரொலி, அசையாமை, தனிமை ஆகிய நான்கும் ஒருங்கே கூடும் சூழல் அன்றாட வாழ்வில் அரிது.

இச்சூழலில் எழும் அச்சத்துக்கு 1879ஆம் ஆண்டில் பெஞ்சமின் பால் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளாஸ்ட்ரோஃபோபியா என்று பெயரிட்டார். தமிழில் அதனை அடைபட்ட இட அச்சம் எனலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன், இவ்வச்சம் ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்துக் காட்டினார். மூச்சுத் திணறிவிடும் என்பது அவற்றுள் ஒன்று. விரும்பும்போது வெளியேற முடியாமல் கட்டுண்டு கிடக்க நேரும் என்பது மற்றொன்று. ஆகவே அஞ்சுகிறவர் உருளையின் சுவருக்கு அஞ்சுவதில்லை. அச்சுவருக்குள் தமக்கு நேரக்கூடியதாகத் தோன்றும் இவ்விரு கேடுகளுக்கே அஞ்சுகிறார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களாக வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என நான்கைக் கூறுகிறது. அந்நான்கும் அஞ்சுகிறவருக்கு வெளியே நின்று அவரை நோக்கி வருபவை. ஸ்கேன் உருளைக்குள் அப்படி வருவது எதுவும் இல்லை. விளக்கு எரிகிறது, இருபுறமும் திறந்திருக்கிறது, காற்று செலுத்தப்படுகிறது. எனினும் இதயம் படபடக்கிறது, மூச்சு விரைகிறது, விரைந்த மூச்சால் குருதியில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றலும் விரல்களில் குறுகுறுப்பும் தோன்றுகின்றன, அவ்வுணர்வுகளையே திணறலின் தொடக்கமென்று மனம் கொள்கிறது. அச்சத்தின் விளைவே அச்சத்துக்குச் சான்றாகிவிடும் இந்தச் சுழலில், அஞ்சுகிறவரும் அஞ்சப்படும் பொருளும் ஓருடலுக்குள்ளேயே அமைந்துவிடுகின்றனர்.

எனவே அச்சத்துக்கு மருந்து அறிவே என்ற விடை முதலில் எதிர்ப்படுகிறது. அரையிருளில் கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சியவர், விளக்கொளியில் அது கயிறென்று அறிந்ததும் அச்சம் நீங்குகிறார் என்பது கௌடபாதர் தொட்டு அத்வைதிகள் எடுத்தாண்டுவரும் உவமை. அவ்வுவமையின்படி, உருளைக்குள் ஆபத்தில்லை என்று விளக்கிவிட்டால் நோயாளியின் அச்சம் நீங்கிவிட வேண்டும். விளக்கம் பயனற்றதன்று, ஒலி ஏன் எழுகிறது, ஒவ்வொரு கட்டமும் எத்தனை நிமிடம் நீடிக்கும் என்று முன்கூட்டியே அறிந்தவரின் அச்சம் குறைவதுண்டு. ஆயினும் இவ்வச்சம் உடையவர்களுள் பலர், உருளைக்குள் காற்று குறையாது என்பதை ஐயமின்றி அறிந்தவர்கள். அவர்களுள் மருத்துவர்களும் இருக்கக்கூடும். கயிறென்று தெரிந்தும் அஞ்சுவது எப்படி என்ற இந்தப் புதிருக்குப் பதஞ்சலியின் யோக சூத்திரம் விடை காட்டுகிறது. மனிதரைத் துன்புறுத்தும் ஐந்து கிலேசங்களுள், அதாவது உள்ளத்தின் அடிப்படைத் துயர்களுள், இறுதியானதாக அது அபிநிவேசத்தை வைக்கிறது; உயிரைப் பற்றிக்கொண்டு விடாதிருக்கும் இயல்புந்துதலே அபிநிவேசம். அது தன்னியல்பாக ஓடிக்கொண்டிருப்பது என்றும் கற்றறிந்தவரிடமும் வேரூன்றியிருப்பது என்றும் அந்நூல் சொல்வது இங்கே பெரிதும் பொருந்துகிறது. உயிரைக் காக்க உடல் தானே எழுப்பும் எச்சரிக்கை, அறிவின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே ஸ்கேன் அறையில் அஞ்சுகிறவரை அறிவற்றவர் என்றோ கோழை என்றோ எண்ணுவது ஒழுக்கத்தில் தவறு என்பதோடு உண்மையிலும் தவறு. இதற்கெல்லாமா பயம் என்று உறவினர் கேட்கும் ஒரு கேள்வி, இருந்த அச்சத்தைக் குறைக்காமல் அதன்மேல் வெட்கத்தையும் ஏற்றிவைக்கிறது.

அறிவு போதாதபோது பயிற்சி என்ற இரண்டாம் விடை எழுகிறது. பாலி மொழியில் அமைந்த பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் நான்காம் சுத்தம், அதாவது புத்தரின் உரை, அச்சத்தையே பொருளாகக் கொண்டது. ஜானுஸ்ஸோணி என்ற அந்தணரிடம் புத்தர், தாம் ஞானம் பெறுவதற்கு முன் காட்டிலும் கோயில் தோப்புகளிலும் தனித்திருந்த இரவுகளை விவரிக்கிறார். மான் ஒன்று வரும், மயில் சுள்ளியை முறித்து விழச்செய்யும், காற்று சருகுகளைச் சலசலக்கச் செய்யும். அப்போது அச்சம் எழும். நடந்துகொண்டிருக்கும்போது அச்சம் எழுந்தால் நிற்காமலும் உட்காராமலும் நடந்தபடியே அதை அடக்கியதாகவும், படுத்திருக்கும்போது எழுந்தால் எழாமல் படுத்தபடியே அடக்கியதாகவும் அவர் கூறுகிறார். அச்சத்திலிருந்து தப்புவதற்காக நிலையை மாற்றிக்கொள்ளாதிருத்தலே அப்பயிற்சியின் உயிர்நாடி. இருபதாம் நூற்றாண்டின் உளவியல் வேறு பாதையில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. மேரி கவர் ஜோன்ஸ் 1924இல், முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் விரும்பிய உணவை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அவன் அச்சத்தைப் போக்கிய முறையைப் பதிவு செய்தார். ஜோசப் வோல்ப்பே 1958இல் வெளியிட்ட நூலில், உடலைத் தளர்த்திக்கொண்ட நிலையில் அச்சத்தின் படிகளை ஒவ்வொன்றாக ஏறும் முறையை வகுத்தார். அஞ்சிய இடத்தைவிட்டு ஓடும்போது கிடைக்கும் உடனடி ஆறுதல், ஓடியதால்தான் பிழைத்தோம் என்ற பாடத்தை உடலுக்குக் கற்பித்து அச்சத்தை வளர்க்கிறது என்பதும், தங்கியிருந்தால் அச்சம் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கும் என்பதும் இம்முறைகளின் அடிப்படை.

ஆயினும் காட்டில் இருந்த புத்தருக்கும் மேசையில் படுத்திருக்கும் நோயாளிக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புத்தர் அந்த இரவுகளைத் தாமே தேடிச் சென்றார். எழுந்து போக நினைத்திருந்தால் தடுப்பவர் எவரும் இல்லை. நோயாளியையோ நோய் அங்கே அனுப்பியிருக்கிறது. தமிழ்நாட்டின் குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய குகைகள் பல உள்ளன. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் தாழ்ந்த பாறைக் கூரையின் கீழே வரிசையாக வெட்டப்பட்ட கற்படுக்கைகளை இன்றும் காணலாம். கோயிலின் கருவறையும் சிறிய, இருண்ட, ஒரே வாயில் கொண்ட அறைதான். அடைபட்ட இடம் தன்னளவில் கொடியதன்று என்பதற்கும், மனம் ஒடுங்கி நிலைபெற மனிதர் அதனையே நாடியிருக்கின்றனர் என்பதற்கும் இவை சான்று. ஆனால் அதே மரபில் நீற்றறையும் இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணம், சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்துவைத்ததாகக் கூறுகிறது. குகையையும் காளவாயையும் வேறுபடுத்துவது வெம்மை மட்டும் அன்று. குகையின் வாயில் முனிவரின் வசத்தில் இருந்தது, காளவாயின் கதவு பிறர் வசத்தில் இருந்தது. வெளியேறும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதே ஓரிடத்தைப் புகலிடமாகவோ சிறையாகவோ ஆக்குகிறது. ராக்மன் கண்ட இரண்டாம் அச்சம், அதாவது கட்டுண்டு கிடக்கும் அச்சம், இந்த உண்மையை உடல் தன் மொழியில் கூறுவதேயாகும்.

இந்த இடத்தில்தான் அபயதானம் என்ற கருத்து துணைக்கு வருகிறது. பகவத் கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்விகக் குணங்களை வரிசைப்படுத்தும்போது அபயத்தை முதலில் வைக்கிறது. அங்கே அது ஒருவர் தம்முள் வளர்த்துக்கொள்ளும் பண்பு. சமணமோ அதனைத் தானங்களின் வரிசையில் வைத்தது. உணவு, மருந்து, கல்வி, அபயம் ஆகிய நான்கும் சமண மரபின் தானங்கள். மருந்தும் அபயமும் ஒரே பட்டியலில் நிற்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பிணியுற்றவருக்கு மருந்து தேவைப்படுவது போலவே அஞ்சுகிறவருக்கு அச்சமின்மை தேவைப்படுகிறது என்றும், உடையவர் இல்லாதவருக்கு அதனைத் தர இயலும் என்றும் அவ்வரிசை சொல்லாமல் சொல்கிறது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அஞ்சினான் புகலிடம் என்று குறிக்கப்பெறும் ஊர்கள் உள்ளன. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களைக் காப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட அவ்விடங்களை ஆராய்ச்சியாளர் மயிலை சீனி. வேங்கடசாமி சமணரின் அபயதானத்தோடு இணைத்துக் காட்டியிருக்கிறார். அங்கே வந்தவரிடம் நீ ஏன் அஞ்சினாய், உன் அச்சம் தகுமா என்ற விசாரணை முதலில் நிகழ்வதில்லை; அஞ்சினார் என்பதே புகலிடத்துக்குப் போதிய தகுதி.

ஸ்கேன் அறையில் இத்தானம் எவ்வெவ் வடிவங்களை எடுக்கிறது என்பது விரிவாகக் காணத்தக்கது. முதலாவது உண்மை. ஒன்றும் இருக்காது, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்ற பொய்யான ஆறுதல், முதல் பேரொலி எழும்போதே உடைந்து, சொன்னவர்மேல் இருந்த நம்பிக்கையையும் உடைத்துவிடுகிறது. இரைச்சல் மிகும், இடம் குறுகியது, மொத்தம் அரை மணி ஆகும், இப்போதைய கட்டம் நான்கு நிமிடம் என்று உள்ளபடி சொல்லும் தொழில்நுட்பரின் சொல் கடைசி வரை பற்றுக்கோடாக நிற்கிறது. இரண்டாவது வாயிலை நோயாளியின் வசத்தில் ஒப்படைத்தல். அவர் கையில் தரப்படும் அழைப்புப் பந்தை அழுத்தினால் எந்தக் கணத்திலும் சோதனை நிறுத்தப்பட்டு மேசை வெளியே இழுக்கப்படும் என்பதைச் சொல்வதோடு நில்லாமல், உள்ளே செல்வதற்கு முன்பே ஒருமுறை அழுத்தச் சொல்லி, அழைப்பு கேட்கிறது என்பதை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். வெளியேறும் உரிமையைக் கொடுத்தால் எல்லோரும் வெளியேறிவிடுவர் என்ற ஐயம் இங்கே எழலாம். ஆனால் கட்டுண்டு கிடக்கும் அச்சத்தின் வேர் வெளியேற முடியாமையே ஆதலால், முடியும் என்ற உறுதி அவ்வேரையே தளர்த்துகிறது. போகலாம் என்று அறிந்தவரால் இருக்க முடிகிறது.

மூன்றாவது உடனிருப்பு. பிருகதாரண்யக உபநிடதம் படைப்பின் தொடக்கத்தைச் சொல்லும்போது, முதலில் இருந்த ஆன்மா தனித்திருந்ததால் அஞ்சியது என்றும், தன்னைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது எதற்கு அஞ்சுவது என்று எண்ணியதும் அச்சம் நீங்கியது என்றும் கூறுகிறது. இரண்டாவது ஒன்றிலிருந்தே அச்சம் பிறக்கிறது என்ற அந்த முடிவை வேதாந்திகள் பெரிதும் போற்றினர். ஆயினும் அடுத்த வாக்கியத்திலேயே அந்நூல், தனித்திருந்த அவ்வான்மா மகிழ்வுறவில்லை என்றும் ஒரு துணையை விரும்பியது என்றும் தொடர்வது அதே அளவு கவனிக்கத்தக்கது. அச்சம் நீங்குதல் வேறு, நிறைவு வேறு. துணையின் தேவையை ஞான நூலும் மறுக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் ஒலிபெருக்கி வழியே வரும் குரலும், உலோகப் பொருள்கள் இல்லையென்று சோதிக்கப்பட்ட பின் அறைக்குள் அனுமதிக்கப்பட்டு நோயாளியின் காலைத் தொட்டபடி நிற்கும் உறவினரும் அத்துணையின் வடிவங்கள். நான்காவது படிமுறை. முன்னதாகவே கருவியைப் பார்க்கவிடுதல், மேசையில் சிறிது நேரம் படுத்துப் பழகவிடுதல், உறுப்பு இடந்தருமானால் கால் முதலாக உள்ளே செலுத்துதல், உள்ளே போகும் முன்னரே கண்களை மூடித் துணியால் மறைத்தல், உருளைக்கு வெளியே பார்க்க உதவும் கண்ணாடியைப் பொருத்துதல், மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடக் கற்பித்தல் ஆகியவை வோல்ப்பேயின் படிகளை ஓர் அறைக்குள் சுருக்கித் தருபவை.

சமயத்தின் நேரடித் துணையும் இங்கே பேசப்பட வேண்டும். காந்த அறையின் வாயிலில் தாலி, தாயத்து, சிலுவை, அரைஞாண், காப்பு என உலோகமாயுள்ள அனைத்தையும் கழற்றச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்காக இது தவிர்க்க முடியாதது. ஆயினும் பலருக்கு அவையே இதுநாள்வரை அபயம் தந்த பொருள்கள் என்பதையும், அச்சம் மிகும் கணத்துக்குச் சற்று முன்பு அவை நீங்குகின்றன என்பதையும் பணியாளர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும். கழற்றியதை உறவினர் கையில் மதிப்போடு ஒப்படைப்பதும், உலோகமில்லாத மஞ்சள் கயிற்றைப் பாதுகாப்பு விதிகள் இடந்தரும்போது விட்டுவைப்பதும் சிறிய செயல்கள் ஆயினும் அறத்தில் சிறியன அல்ல. கழற்ற இயலாதது ஒன்று நோயாளியிடம் எஞ்சுகிறது. அது நாமம், செபம், திக்ர், அல்லது மூச்சின் மேல் வைக்கும் நினைவு. சீரான செபம் மூச்சைச் சீராக்குகிறது. இரைச்சலுக்கு இடையே மனம் பற்றிக்கொள்ள ஓரிடத்தைத் தருகிறது. நீற்றறையில் நாவுக்கரசர் பாடியதாக மரபு கூறும் பதிகத்தின் தொடக்கப் பாடல், இசை, நிலவு, தென்றல், இளவேனில், பொய்கை எனப் புலன்களுக்கு இதமானவற்றையே இறைவனின் அடிநிழலுக்கு ஒப்பாகக் காட்டுகிறது. வெம்மையின் நடுவே குளிர்ச்சியைக் கருத்தில் நிறுத்திய அம்மனநிலை, பக்தியின் ஆற்றலுக்கு உயர்ந்த சான்று.

ஆனால் அச்சான்றை அளவுகோலாக்கிவிடக் கூடாது. நாவுக்கரசரின் வரலாறு அருளின் வெற்றியைப் பாடுவது. அதனை நோயாளியின் முன் வைத்து, நம்பிக்கை இருந்தால் அஞ்சமாட்டாய் என்று கூறுவது, அருளைத் தேர்வாக மாற்றி, ஆறுதல் தேடி வந்தவரைத் தோற்றவராக்கி அனுப்பிவிடும். அபிநிவேசம் கற்றவரையும் விடாது என்ற பதஞ்சலியின் நிதானமே இங்கே நல்ல வழிகாட்டி. ஆகவே மருத்துவரின் ஆலோசனைப்படி முன்கூட்டி உட்கொள்ளும் பதற்றந்தணிக்கும் மாத்திரையோ, மயக்கவியல் மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படும் மயக்கமோ, பக்கங்கள் திறந்த வேறுவகைக் கருவியோ ஆன்மிகத் தோல்வியின் அடையாளங்கள் அல்ல. ஔடத தானமும் அபய தானமும் ஒரே பட்டியலில் உள்ளன என்பதை மறவாதவர், ஒன்று மற்றொன்றின் வடிவில் வருவதைக் கண்டு வெட்கமுற மாட்டார். சோதனையை இடையில் நிறுத்தச் சொன்னவரிடமும், இன்று இவ்வளவு முடிந்தது, அடுத்த வழியைப் பார்ப்போம் என்று கூறும் சொல்லே அபயத்தின் சொல். வீணான நேரத்தையும் பணத்தையும் எண்ணிக் காட்டும் சொல் அவரை அடுத்த சோதனையிலிருந்தே விரட்டி, கண்டறியப்பட வேண்டிய நோயைக் கண்டறியாமல் விட்டுவிடும் ஆபத்தை உடையது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கான விடை புலப்படுகிறது. அச்சமின்மை ஒருவர் தம்முள் எய்துவதும் ஆகும், பிறரிடமிருந்து பெறுவதும் ஆகும். ஆனால் அஞ்சுகிறவரைப் பொறுத்தவரை பெறுவது முந்தியது, எய்துவது பிந்தியது. உண்மை சொல்லப்பட்டு, வாயில் கையில் ஒப்படைக்கப்பட்டு, துணை உறுதிசெய்யப்பட்ட பின்னரே, தங்கியிருந்து அச்சத்தைத் தணியவிடும் பயிற்சி துன்புறுத்தலாக இல்லாமல் பயிற்சியாக அமைகிறது. அந்நிலையில் உருளைக்குள் தங்குபவர் தம் வலிமையால்தான் தங்குகிறார். அவ்வலிமை வெளிப்படுவதற்கான இடத்தைப் பிறர் ஆக்கித் தந்திருக்கின்றனர். தானம் பெற்றவரைச் சிறுமைப்படுத்தாமல் அவருடைய சுதந்திரத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கும் இந்த இயல்பே அபயத்தை ஏனைய கொடைகளிலிருந்து வேறுபடுத்துகிறது. ஆதலால் கதிரியக்கவியல் துறையில் தொழில்நுட்பர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியில் காந்தப் பாதுகாப்புக்கு இணையான இடம் அபயம் தரும் கலைக்கும் வழங்கப்பட வேண்டும். அதற்குத் தேவையான சில நிமிடங்களை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒதுக்குவதைச் சலுகையாகக் கருதாமல், மருந்து கொடுப்பதற்கு ஒப்பான கடமையாக மருத்துவமனைகள் ஏற்க வேண்டும்.